வினைப்பயனும் சீவகாருணியமும்

சைவ நன்மக்கள் பலகாலும் எழுப்பி, விடை காணாமலே விட்டு நீங்கும் வினா ஒன்றுண்டு. உயிர்கள் படுந் துன்பம் அவ்வவ்வுயிர் செய்த வினையின் பயனாயின், அப்பயனை ஊட்டுவான் முதல்வனேயாயின், இடையே புகுந்து அத்துன்பத்தை நீக்குவோன் முதல்வன் ஆணைக்கு மாறு செய்தவன் ஆகானோ என்பதே அது. வினாவுவோர் பலரும் உண்மை காணும் வேட்கையால் வினாவுவதில்லை. உதவாதிருத்தற்கு ஒரு நியாயம் தேடியே வினாவுகின்றனர். எனினும் வினா வினாவே. அதற்கு விடை கூறாது வினாவினாரை இகழ்ந்து போதல் சித்தாந்திகட்கு அழகன்று.

நெய்வேலி நகரியத்தில் இவ்வினா ஏட்டளவில் நில்லாது வீதிக்கு வந்தது 2020ஆம் ஆண்டிலாகும். அவ்வாண்டு மே மாதம் 7ஆம் நாள் இரண்டாம் அனல்மின் நிலையத்துக் கொதிகலன் ஒன்று வெடித்துத் தொழிலாளர் தீப்புண் பட்டனர்; அவருட் சிலர் பின்னர் மாண்டனர். இரண்டு திங்கள் நிரம்பு முன்னரே, ஜூலை 1ஆம் நாள், அதே நிலையத்தின் வேறொரு கொதிகலன் வெடித்தது. அன்றே அறுவர் உயிர் நீத்தனர். தீப்புண்ணோடு மருத்துவமனை சேர்ந்தாருள் மேலுஞ் சிலர் ஒருவர்பின் ஒருவராய் இறந்தனர். மாண்டோருள் ஒப்பந்தத் தொழிலாளர் பலர். கொள்ளைநோயின் பொருட்டு ஊரடங்கியிருந்த காலமாதலின் துக்கம் வினவச் செல்வாரும் அருகினர்.

அந்நாளில் இருவகைச் சொற்கள் எம் செவியிற் பட்டன. அவரவர் பிராரத்தம், யார் என் செய்ய இயலும் என்பது ஒன்று. நடராசப் பெருமான் இவ்வூரில் இத்துணைப் பேருருக்கொண்டு நின்றும் இதனை ஏன் பார்த்திருந்தான் என்பது மற்றொன்று. முன்னது நூல் கற்றார் சிலர் திண்ணையிலிருந்து கூறியது. பின்னது சாவு நிகழ்ந்த மனையின் வாயிலிற் பிறந்தது. இவ்விரண்டனுள் சைவசித்தாந்தத்திற்கு அணித்தாயது எது என்று எம்மைக் கேட்பின், தயங்காது பின்னதே என்போம். பின்னதில் முதல்வன் பால் ஒரு வழக்குரைப்பாவது உண்டு. முன்னதில் முதல்வனும் இல்லை, அயலானும் இல்லை.

இப்பொருளை எடுத்து வெளிப்பட ஆராய்ந்த உரைநடை நூல், நகரியத்தின் அயலிலேயே உள்ள வடலூரில் தோன்றியது. இராமலிங்க அடிகளின் சீவகாருணிய ஒழுக்கமே அந்நூல். 1867ஆம் ஆண்டு, பிரபவ ஆண்டு வைகாசித் திங்கள் 11ஆம் நாள், அடிகள் வடலூரிற் சத்திய தருமச்சாலையைத் தொடங்கினார். அன்று மூட்டிய அடுப்பு இன்றும் அவியாது எரிகின்றது. அவ்வடுப்புக்கு உரை எனத்தக்கது இந்நூல். சைவத் திருமடங்களைச் சார்ந்தோர் இதனை மிகுதியும் கற்றிலர். காரணம் வெளிப்படை. அருட்பா மருட்பாப் பூசலும், அது மஞ்சக்குப்பம் நீதிமன்றம் வரை 1869இல் சென்றதும், ஸ்ரீலஸ்ரீ ஆறுமுக நாவலர் எழுதிய மறுப்பும் நம்மவர் நெஞ்சில் இன்னும் ஆறவில்லை. பாட்டைப் பற்றிய அப்பூசலை ஈண்டுக் கிளறுதல் எம் கருத்தன்று. ஒன்று மட்டுங் கூறிச் செல்வோம். அடிகள் மறைந்த சில்லாண்டுகளில், 1876, 77ஆம் ஆண்டுகளில் யாழ்ப்பாணத்தைப் பஞ்சம் வருத்தியபோது, நாவலர் பெருமான் கஞ்சித்தொட்டி நிறுவி ஏழைகட்குக் கஞ்சி வார்ப்பித்தார். எழுத்தில் மாறுபட்ட இருவரும் அகப்பையில் மாறுபட்டாரல்லர்.

இனி நூலுட் புகுவாம். அடிகள் மேற்காட்டிய தடையைத் தாமே எழுப்பிக் கொள்கின்றார். பசி முதலியவற்றால் வருந்துவோர் முற்பிறவியிற் சீவகாருணியமின்றி வன்னெஞ்சராய் ஒழுகினமையின் அங்ஙனம் வருந்துகின்றனர் என்பது அவர் உடன்பாடு. அற்றேல் அவர்க்கு உணவளித்தல் கடவுள் ஆக்கினைக்கு முரணாகாதோ என வினாவி, ஆகாது என விடை கூறி, ஓர் உவமை காட்டுகின்றார். அரசன் தன் ஆணையைக் கடந்த பெருங் குற்றவாளிகளை விலங்கிட்டுச் சிறையிடுகின்றான்; ஆயினும் தன் ஏவலாளரைக் கொண்டே அவர்கட்கு உணவும் ஊட்டுவிக்கின்றான். அவ்வாறே கடவுளும் தம்மால் ஒறுக்கப்பட்ட உயிர்கட்கு உணவு கிடைப்பதையே விரும்புகின்றார் என்பது அவ்வுவமையின் சாரம்.

இவ்வுவமையின் வலிமை முதற்கண் ஒப்புக்கொள்ளத் தக்கது. ஒறுப்போனே ஊட்டுவோனாகவும் இருத்தலின், ஊட்டுதல் ஒறுப்புக்கு மாறாகாது என்பது இதனால் நன்கு பெறப்படும். கடவுட் பணியாளனாய் நிற்க விழைவோன், தண்டத்தை மட்டும் கண்டு உணவைக் காணாதிருத்தல், அரசனது பாதி முகத்தைக் கண்டு அவனை அறிந்தேன் என்பதனோடு ஒக்கும். திண்ணைச் சித்தாந்திகளை வாயடைக்க இதுவே போதுமானது.

ஆயினும் இவ்வுவமை நெடுவழி செல்லாது. சிறையில் இடப்படும் உணவு தண்டத்தைக் குறைப்பதன்று. தண்டத்தை நுகர்தற்கு உடம்பு நிலைபெறும் பொருட்டு இடப்படுவது. சோறு கொண்டு சென்ற காவலன் இரக்கத்தால் விலங்கைத் தறிப்பானாயின் அவனும் குற்றவாளியாவான். ஆகவே இவ்வுவமையை நம்பி நடப்போன் பசித்தார்க்குக் கஞ்சி வார்க்கலாம். அவருடைய பசிக்குக் காரணமாகிய வறுமையைக் களைய முற்படின் ஐயமுறுவான். தீப்புண் பட்டானுக்கு நீர் கொடுக்கலாம். புண்ணை ஆற்றுவித்தல் கூடுமோ என மயங்குவான். உவமை அடிகளின் நெஞ்சினும் சிறியதாயிற்று. அவர் நெஞ்சு விலங்கைத் தறிக்க விழைந்தது. உவமை சோற்றோடு நின்றது.

அன்றியும், அரசன் சிறையிடுதல் கடந்த குற்றத்தின் பொருட்டு. சித்தாந்தத்தில் முதல்வன் துன்பம் ஊட்டுதல் கடந்தது கருதியன்று. உயிரைப் பற்றிய நோய் கருதியேயாம். அநாதியே உயிரின் அறிவை மறைத்து நிற்கும் ஆணவமலம் முதல்வனால் ஆக்கப்பட்டதன்று. அவனுக்கு ஒப்ப அதுவும் தொடக்கமில்லாதது. அதனைக் கழுவுதற்கே மாயையினின்று உடம்பையும் கருவிகளையும் தந்து, கன்மத்தை நுகர்விக்கின்றான். ஆடையின் அழுக்கை நீக்குவோன் மேலும் சில பொருள்களை அதன்மேற் பூசிப் பின் எல்லாவற்றையும் ஒருங்கு வெளுத்தல் போல்வது இது எனச் சிவஞான சித்தியார் விளக்கும். தந்தை தாயர் மகவை அடிப்பதும் அன்பின் செயலே என்பதும் அந்நூலின் துணிபு. ஆகலின், சிறைக்கோட்டமன்று, மருத்துவச்சாலையே நமக்கு ஏற்ற உவமை. மறக்கருணை எனப்படுவது மருத்துவன் கையிலுள்ள கத்தி.

மருத்துவச்சாலையில் நோயாளன் அருகிருந்து விசிறுவோனையும், புண்ணைக் கழுவுவோனையும், இரவிற் கண்விழித்துப் பார்த்திருப்போனையும் மருத்துவன் முனியான். அவரைத் தன் கைகள் என்றே கொள்வான். சைவநூற் கருத்தும் இதுவே. உயிர்கட்கு இதஞ் செய்தல் புண்ணியம், அகிதஞ் செய்தல் பாவம் என்று சித்தியார் அறுதியிட்டது, துன்புறுவோன் முன்வினை யாது என ஆராய்ந்த பின் இதஞ் செய்க என்று கூறியதன்று.

இங்கே நுண்ணிய தடை ஒன்று எழும். மருத்துவன் கொடுத்த கைப்பு மருந்தை இரக்கத்தால் ஊற்றிவிடுவோனும் உளன் அன்றோ? துன்பமே மருந்தாயின், துன்பத்தை நீக்குதல் மருந்தை ஊற்றிவிடுதலாகாதோ? இத்தடையை எளிதில் தள்ளிவிடல் ஆகாது; முற்கூறிய வினா இதனுள்ளே வேறு உருக்கொண்டு மீண்டிருக்கின்றது. இதற்கு விடை வருமாறு. நுகர்தற்கு முகந்துகொண்ட பிராரத்தத்தின் அளவு முதல்வன் ஒருவனுக்கே தெரியும். அவ்வளவு முடியாத வழி எவர் முயன்றாலும் துன்பம் நீங்காது. 2020இல் மருத்துவர் அரிதின் முயன்றும் பலர் பிழையாமை காண்க. அவ்வளவு முடிந்த வழி யாரேனும் ஒருவர் கையால் அது நீங்கும். அக்கை நம் கையாய் அமைதலும் துன்புற்றான் செய்த நல்வினையின் பயனே. அவன் கணக்கில் தீவினை மட்டுமே எழுதப்பட்டிருக்கின்றது என்று நமக்கு உரைத்தார் யார்? அவன் முன்னொரு பிறவியில் எவர்க்கோ வார்த்த நீர், இப்பிறவியில் நம் உருக்கொண்டு அவனிடம் மீள வருவதாயின், இது அவன் வினை என்று சொல்லி வாளாவிருப்போன் அவனது நல்வினையையே வழிமறித்தவன் ஆகின்றான். ஆகவே மருந்தை ஊற்றிவிடும் ஆற்றல் மனிதர்க்கு இல்லை. அவ்வச்சம் வீண். நம் ஆற்றலுள் அடங்கியது நம் செயல் ஒன்றே. அதுவே நமக்கு ஆகாமியமாய் ஏறும்.

பயன் இருவழியும் முதல்வன் வகுத்த அளவினதாயின் முயலுதல் எற்றுக்கு என்பார்க்கு, பயன் அவனுடையது, செயல் நம்முடையது என்றே கூறுவோம். விலக்கியன செய்தல் மட்டுமன்று, விதித்தன செய்யாமையும் பாவமே. எரியும் மனையின் வாயிலில் நீர்க்குடத்தோடு நின்றவன், எரிதல் அதன் விதி என்று கூறிக் குடத்தைத் தோளிலேயே வைத்திருந்தானாயின், அக்குடம் அவன் தோளினின்று என்றும் இறங்காது.

இதனை மறுபுறம் வைத்தும் காண்க. மாண்டார் தம் வினையால் மாண்டனர் என்பது உண்மையே ஆயினும், அவ்வினைக்குக் கருவியாய் நின்றோர் நீங்கியவர் ஆகார். கொலையுண்டான் ஊழால் இறந்தான் என்று எந்தச் சைவ அரசனும் கொலைஞனை விடுவித்ததில்லை. கருவியாய் நின்றோன் தன் கருத்தாலும் தன் சோர்வாலும் புதுவினை ஈட்டுகின்றான். இங்ஙனம் கூறுவதால் இன்னார் மேற் குற்றம் என்று யாம் தீர்ப்பு வழங்கினோம் எனக் கொள்ளற்க. அவ்வெடிப்பின் காரணத்தை ஆராயக் குழு அமைக்கப்பட்டது. அது அறிவுடையோர் தொழில். யாம் சொல்வது, பிராரத்தம் என்னுஞ் சொல் அத்தகைய ஆராய்ச்சிக்குத் திரையாகக் கூடாது என்பதே. கொதிகலனின் குழாய்களை உரிய காலத்திற் பார்த்துச் செப்பஞ் செய்யும் ஒருவன், திருநீறு பூசினும் பூசாதொழியினும், உயிர்கட்கு இதஞ் செய்கின்றான். வினைக்கொள்கை ஒருவன் தன்னைத் தான் பார்த்தற்குரிய கண்ணாடி. அதனைப் பிறரை நிறுக்கும் தராசாக்கியது நம்மவர் செய்த பிழை.

சைவத்தின் வரலாறு இதற்குச் சான்று பகரும். திருக்கொடிமாடச் செங்குன்றூரில், இந்நாள் திருச்செங்கோட்டில், திருஞானசம்பந்தப் பெருமான் எழுந்தருளியிருந்தபோது அவருடன் சென்ற அடியார்களைக் குளிர்சுரம் பற்றியது. அப்பருவத்தில் அந்நிலத்துக்கு அது இயல்பு என்றே அடியாரும் கூறினர். பிள்ளையார் அச்சொல்லைக் கேட்டு அமைந்தாரா? திருநீலகண்டப் பதிகம் பாடினார். வினையின் பயனே இது என்று உலகம் உரைப்பதனைத் தாமும் அறிந்தே, அறிந்தும் அதனின்று உய்யும் வழி தேடாது இருத்தல் நமக்கு ஊனம் என்ற கருத்தை அப்பதிகத்தின் தொடக்கத்திலேயே வைத்தார். சுரம் அந்நாட்டை விட்டு நீங்கிற்று என்று சேக்கிழார் கூறுவர். தம்மைச் சூழ்ந்த அடியாரைப் பற்றிய சுரத்தின் பொருட்டுப் பாடிய பதிகத்தால் நாட்டினர் அனைவரும் உய்ந்தனர் என்பது நோக்கத்தக்கது.

இன்னும் வலிய சான்று நெய்வேலிக்கு அணித்தாகிய திருவதிகையில் உளது. மருணீக்கியாரைப் பற்றிய சூலைநோய் இறைவனே விடுத்தது, இதில் ஐயமில்லை. தம்பியை மீட்டருளுக என்று திலகவதியார் வேண்டினார். சூலை கொடுத்து ஆட்கொள்வோம் என்று பெருமான் கனவில் உணர்த்தினார். ஒருவனுடைய துன்பம் கடவுளால் வந்தது என்பதை அக்கடவுள் வாய்மொழியாலேயே அறிந்திருந்தவர் உலகில் அவ்வம்மையார் போல் எத்துணைப் பேர் உளர்? அத்தகையவர் தம்பி வந்து அடியில் வீழ்ந்தபோது, இது பெருமான் தந்தது, பொறுத்திரு என்று கூறிக் கதவடைத்தாரல்லர். திருநீறு கொடுத்தார், கைப்பற்றித் திருக்கோயிலுள் அழைத்துச் சென்றார். துன்பத்தின் காரணத்தை ஐயமின்றி அறிந்தவரே அதனை நீக்க முற்பட்டாராயின், ஒன்றும் அறியாத நாம் காரணங் காட்டி ஒதுங்குதல் எங்ஙனம் பொருந்தும்? முதலில் ஆள் வந்து அழைத்தபோது அம்மையார் சமணப் பாழிக்கு வர மறுத்தாரே எனின், மறுத்தது உண்மை. வரமாட்டேன் என்றாரேயன்றி, வரற்க என்றாரல்லர்.

திருவீழிமிழலைப் பஞ்சத்தையும் ஈண்டு நினைவு கூர்வாம். மழை பொய்த்து அடியார் வருந்தியபோது இறைவன் அப்பரடிகட்கும் சம்பந்தப் பிள்ளையார்க்கும் நாள்தோறும் படிக்காசு வைத்தருளினான். மழையை உடனே பெய்விக்க அவனால் ஆகாதோ? ஆகும், பின்னர்ப் பெய்வித்தான். முதற்கண் தந்ததோ காசு. காசு தானே சோறாகாது. அதனை எடுத்து அங்காடிக்குச் செல்லல் வேண்டும். அரிசி கொள்ளல் வேண்டும். உலை ஏற்றல் வேண்டும். பறையறைந்து அடியாரை அழைத்தல் வேண்டும். இத்துணையும் மனிதர் செய்தனர். அப்பரடிகள் பெற்ற காசு வாசியில்லாதது, பிள்ளையார் பெற்றது வாசியுடையது என்பதும், உழவாரம் ஏந்தி உடம்பால் தொண்டு செய்தமையே அவ்வேற்றுமைக்குக் காரணம் எனப்படுவதும், அருளிலும் கைத்தொழிற்கு ஒரு மதிப்பு உண்டு என்பதைக் காட்டும்.

இனி அடிகள் நூலில் எமக்கு உடன்பாடில்லாத இடத்துக்கு வருவாம். பசி என்பது கடவுள் தந்த ஓர் உபகாரக் கருவி என்றும், பசி இல்லையாயின் உயிர்கள் ஒன்றையொன்று எதிர்பாரா, இரக்கம் வெளிப்பட இடமிராது என்றும் அவர் கூறுகின்றார். இக்காலத்தும் மேடைகளில் இக்கருத்து வேறு சொற்களாற் கேட்கப்படுகின்றது. துன்பம் உலகில் இருப்பது நாம் அன்பு செய்யக் கற்றற்பொருட்டு என்பர். உண்டு உடுத்தவர் பக்கமிருந்து நோக்கின் இது இனிமையான கொள்கையே. பட்டினி கிடப்பார் பக்கம் சென்று நோக்குக. என் மகன் வெந்து இறந்தது அயலகத்தான் இரக்கங் கற்றற்பொருட்டோ என்று தாய் ஒருத்தி வினாவின் அடிகளின் இவ்வுரை அவளுக்கு என்ன விடை கூறும்? ஓர் உயிரை வருத்தி மற்றோர் உயிரைத் திருத்தும் முதல்வன் நடுநிலையன் ஆகான். சித்தாந்தம் இதனை ஏலாது. ஒவ்வோர் உயிரும் தன்பொருட்டே நுகர்கின்றது. தன் மலம் தன் நுகர்ச்சியாலேயே தேய்கின்றது. பிறனொருவனுக்குப் பாடமாதற்பொருட்டு எவ்வுயிரும் எரிக்கப்படுவதில்லை. அத்துன்பத்தைக் கண்டு நம் நெஞ்சு உருகுமாயின் அது நமக்கு வாய்த்த நலம். அந்நலத்தைத் துன்பத்தின் காரணமாக்குதல், விளக்கைக் கண்டு பூச்சி வந்தமையின் பூச்சியின்பொருட்டே விளக்கேற்றினர் என்பது போலும். அடிகள் இதனைப் பசித்தாரை நோக்கிக் கூறிற்றிலர், உண்டாரை உதவச் செய்தற்கே கூறினர் என்று அமைதி காணலாம். அவ்வளவில் குற்றமில்லை. கொள்கையாகக் கொள்ளின் குற்றமே.

பசியையும் கொலையையும் நீக்குதலைப் பரசீவகாருணியம் என்றும், தாகம், பிணி, இச்சை, எளிமை, பயம் என்பவற்றை நீக்குதலை அபரசீவகாருணியம் என்றும் அவர் வகுத்ததும் ஆராயத்தக்கது. உடம்பு அழிந்தால் உயிர் வீடுபேற்றுக்குரிய கருவியை இழக்கும் என்பது கருதியே பசிக்கும் கொலைக்கும் முதன்மை கொடுத்தார். பஞ்சங்கள் அடுத்தடுத்து வந்த அந்நூற்றாண்டில் இவ்வகுப்பு முற்றிலும் தக்கது. ஆயின் நெய்வேலி போன்ற தொழில் நகரியத்தில் உடம்பை அழிப்பது பசி ஒன்றே அன்று. நீராவியின் வெம்மை அழிக்கும். தீப்புண்ணாகிய பிணி அழிக்கும். அடுத்த முறை வேலைக்குச் செல்வோன் மனைவி சங்கு ஊதும்தோறும் நெஞ்சு திடுக்கிடுகின்றாளே, அந்தப் பயம் அபரம் எனப்பட்டுப் பின் வரிசையில் நிற்பதோ? அடிகள் தந்த அளவுகோலைக் கொண்டே அவர் தந்த பட்டியலைத் திருத்தல் வேண்டும் என்பது எம் துணிபு. உடம்பைக் காப்பது பரமெனின் கொதிகலனைக் காப்பதும் பரமே.

மேலும், நகரியத்து வாழ்வோர்க்கு இவ்வுதவி ஈகையன்று, கடன். 1957ஆம் ஆண்டு மே மாதம் 20ஆம் நாள் சவகர்லால் நேரு இங்கே சுரங்கப்பணியைத் தொடங்கி வைத்தார். அதுமுதல் பழுப்பு நிலக்கரியின்பொருட்டுத் தம் ஊரையும் வயலையும் விட்டுப் பெயர்ந்தோர் பலர். அவர் விட்ட நிலத்திலும், அனற்பட்டார் உழைப்பிலும் நம் வீட்டு விளக்கு எரிகின்றது. ஒருவன் உழைப்பின் பயனை நாம் நுகர்ந்து, அவ்வுழைப்பின் தீங்கை மட்டும் அவன் பிராரத்தம் என்று அவனிடமே விடுதல் எந்த ஆகமத்தின் நீதி?

பெருமான் ஏன் பார்த்திருந்தான் என்ற வாயிற்கேள்விக்கு இன்னும் விடை கூறிலேம். சித்தாந்தத்தின் விடை, அவன் பார்த்திருந்தவன் அல்லன் என்பது. பார்த்திருப்போன் வெளியே நிற்போன். உயிரோடு ஒன்றாயும் வேறாயும் உடனாயும் நிற்பவன் வெந்தாருள்ளும் உடன் நின்றான். அவர் அறிவை விட்டு ஒரு கணமும் நீங்கிலன். இது எம் மனமறிந்த உண்மை. ஆயினும் ஒன்றை மறையாது கூறுதல் வேண்டும். இவ்விடையைச் சாவு மனையின் வாயிலில் நின்று கூறியவர் ஒருவரும் எம் அறிவில் இல்லை, கூறவும் ஆகாது. பாடஞ் சொல்லும் இடத்து இது அமுதம். அவ்வாயிலில் இதுவே கல். அங்குச் செல்வோன் கையில் கொண்டு செல்லத்தக்கது கஞ்சிக் கலமும், பிள்ளைகளின் பள்ளிச் சம்பளமும், இழப்பீட்டு மனு எழுதுதற்கு ஒரு தாளுமே.

மனு என்றவுடன் நகரியத்துத் திருக்கோயில் நினைவுக்கு வருகின்றது. அழகிய திருச்சிற்றம்பலமுடையான் எழுந்தருளியுள்ள அக்கோயிலில் ஓர் ஆராய்ச்சி மணியும், மனுநீதி முறைப்பெட்டியும் வைத்திருக்கின்றனர். குறையுடையார் தம் குறையை எழுதிப் பெட்டியிலிட்டு மணியை அசைப்பர். இவ்வழக்கத்தை எள்ளுவாரும் உளர்; யாம் எள்ளேம். முதல்வன் முன் வழக்குரைத்தல் சுந்தரமூர்த்தி நாயனார் காட்டிய நெறி. ஆனால் அப்பெட்டிக்கு இட்ட பெயரைச் சிறிது எண்ணிப் பார்த்தல் நன்று. திருவாரூரில் கன்றை இழந்த பசு மணியை அடித்தபோது, அறிந்து செய்ததன்று என்றும், கழுவாய் செய்தால் தீரும் என்றும் கூறிய அமைச்சர் இருந்தனர். கன்றின் விதி என்று கூறியிருப்பின் அவர்க்கு வேலை இன்னும் எளிதாயிருக்கும். அவர்தாமும் அது கூறிலர். தன்னாலும், தன் ஏவலராலும், பகைவராலும், கள்வராலும், பிற உயிர்களாலும் குடிகட்கு வரும் ஐவகை அச்சத்தையும் தீர்த்துக் காப்பவனே காவலன் என்று சோழன் தன்னையே குற்றவாளியாக்கினான். ஏவலரால் வரும் அச்சத்தைச் சேக்கிழார் பெருமான் தன்னால் வரும் அச்சத்துக்கு அடுத்து வைத்தமை பெருந்தொழில் நடத்துவோர் அனைவரும் உன்னத்தக்கது. பெட்டியில் விழும் ஓலைகளுள் எத்துணை பெருமானுக்கு உரியன, எத்துணை நமக்கு உரியன என்று பிரித்துப் பார்ப்பார் உளரேல், நமக்குரியவை மிகப் பல இருக்கக் காண்பர்.

சீவகாருணிய ஒழுக்கத்தை நம் சித்தாந்த வகுப்புகளில் பாடம் வைத்தலாகுமோ என்று சிலர் எம்மை வினாவியுள்ளனர். சிறையுவமையின் குறையையும், பசியைக் கருவியாக்கிய பிழையையும் சித்தியார் கொண்டு விளக்கிச் சொல்லும் ஆசிரியர் கிடைப்பின் தாராளமாக வைக்கலாம். படித்து முடிக்கும் நாளில் மாணவரை ஒருமுறை வடலூர்ச் சாலைக்கு அழைத்துச் சென்று பந்தியில் பரிமாற விடுதலும் வேண்டும்.